ஈரத் தானியமும் இருக்கைத் தோலும்

'சலூன்' என்று சொன்னால் நம் ஊர்களில் முடிதிருத்தும் கடைதான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் அச்சொல்லை மூடிய காருக்குச் சூட்டியபோது, விருந்தினரை அமர்த்தி உபசரிக்கும் கூடம் என்ற பொருளிலேயே சூட்டினர். 'சலோன்' என்னும் பிரெஞ்சுச் சொல் அதன் வேர். ஆகவே, உயர் அதிகாரிகளுக்கும் செல்வர்களுக்கும் என்று செய்யப்படும் சலூன் கார், சக்கரம் பூட்டிய ஒரு வரவேற்பறை. அங்கே அமர்பவரின் உடலுக்கு ஆறுதல் கிடைக்க வேண்டும் என்பதே அந்த அறையின் பழைய இலக்கணம். இன்று 'பாரம்பரியச் சொகுசு' என்ற பெயரில் நம்மிடம் விற்கப்படுவது இந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கிவிட்டது. கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவரை மனத்தில் வைத்தே அது செய்யப்படுகிறது. அதிலும், அதன் பெரும்பகுதி தன்னை எதுவென்று காட்டிக்கொள்கிறதோ அதுவாக இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். வசதியான வாகனத்தையே உலகாசை என்று இகழும் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டைவீட்டார் ஆகியவற்றோடு வசதியான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்துள்ளன. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகை யார் தடுப்பது என்ற கேள்வி குர்ஆனிலேயே இருக்கிறது. முழங்கால் வலியால் அவதியுறும் தாயைச் சென்னையிலிருந்து காயல்பட்டினம் வரை அழைத்துச் செல்லவேண்டிய மகன், நல்ல இருக்கைகள் கொண்ட காரைத் தேடி வாங்குவானானால் அது அவனுக்கு நன்மையாகவே எழுதப்படும் என்று நம்புகிறேன்.

வாகன இருக்கையைப் பற்றி மார்க்கம் பேசாமலும் இல்லை. ஒட்டகத்தின்மீதும் குதிரையின்மீதும் இடப்பட்ட 'மயாஸிர்' என்னும் ஆடம்பரச் சேண மெத்தைகளை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் உள்ளது. சிறுத்தைத் தோலின்மீது அமர்ந்து சவாரி செய்வதைத் தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அந்தச் சேண மெத்தைகள் பட்டால் ஆனவை என்பதையும், அரபியர் அல்லாத செல்வர்களின் பகட்டு வழக்கம் என்பதையும் அறிஞர்கள் காரணங்களாக எடுத்துரைக்கின்றனர். பருத்தியாலோ கம்பளியாலோ ஆன மெத்தையை விரித்துக்கொண்டு பயணம் செய்ய எவருக்கும் தடையில்லை. வாகனத்தின் உள்ளலங்காரம் 'அற்ப விஷயம், அதற்கெல்லாம் மார்க்கத்தை இழுக்கலாமா' என்று கேட்போர் இவ்விரு செய்திகளையும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இனி அந்தப் 'பாரம்பரியம்' எது என்று பார்ப்போம். விற்பனைக் கூடங்களில் இச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: தோல் இருக்கையும் மரப்பலகையும். வரலாறோ வேறு கதை சொல்கிறது. குதிரை வண்டிகளிலிருந்து உருவான தொடக்ககாலக் கார்களில், திறந்த முன்பகுதியில் வெயிலிலும் மழையிலும் நனைந்த ஓட்டுநருக்கே தோல் இருக்கை கொடுக்கப்பட்டது. காரணம், தோல் நனைந்தாலும் துடைத்துவிடலாம். மூடிய பின்னறையில் அமர்ந்த முதலாளியோ மென்மையான கம்பளித் துணியின்மீது சாய்ந்திருந்தார். தோல் வேலையாளுக்கு, துணி எஜமானுக்கு! வளைகுடா நாடுகளில் வீட்டு ஓட்டுநர்களாக உழைக்கும் நம் சகோதரர்கள் இந்த வரலாற்றைக் கேட்டால் சற்றே புன்னகைப்பார்கள்.

அந்தப் பழைய இலக்கணத்தை இன்றும் விடாமல் பிடித்திருக்கும் கார் ஒன்று உண்டு. ஜப்பானின் டொயோட்டா செஞ்சுரி. 1967இல் முதன்முதலாக வெளிவந்தது. டொயோட்டா குழுமத்தின் மூலவரான சகிச்சி டொயோடா பிறந்த நூறாம் ஆண்டை நினைவுகூர்வதே அந்தப் பெயர். பிரதமர்களும் பெருநிறுவனத் தலைவர்களும் பயணிக்கும் அந்தக் காரில் கம்பளித் துணி இருக்கைதான் மரபு. தோல் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுப் பெறலாம். ஆனால், அசையும்போது தோல் கிறீச்சிடும். கோடையில் சுடும், குளிரில் சில்லிடும். கம்பளிக்கு இந்தக் குறைகள் இல்லை என்பதே அங்குள்ள எண்ணம். ஜப்பானியப் பேரரசருக்கென்று 2006இல் செய்யப்பட்ட செஞ்சுரி ராயல் காரின் பின்னறையிலும் கம்பளித் துணிதான். கூரையின் உட்புறத்தில் அந்நாட்டின் கைவினைக் காகிதம் ஒட்டப்பட்டுள்ளது. சகிச்சி டொயோடா தறிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். துணியின் அருமை அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருப்பதில் வியப்பேது?

தோலும் வால்நட் மரமும் இணைந்த கோலம் ஆங்கிலேயக் கனவான்களின் சங்கக் கூடத்திலிருந்து வந்தது. ஜாகுவார், ரோவர் போன்ற நிறுவனங்கள் அதைத் தங்கள் அடையாளமாக்கின. தவறில்லை, அது அவர்களுடைய குளிர்நாடு, அவர்களுடைய கூடம். ஆனால் 1998 அக்டோபரில் பர்மிங்காம் கண்காட்சியில் நடந்ததைப் பாருங்கள். ஜாகுவார் எஸ்-டைப், ரோவர் 75 ஆகிய இரண்டும் ஒருங்கே அறிமுகமாயின. இரண்டும் பழைய இங்கிலாந்தைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டன. ரோவரில் பாலேட்டு நிற முட்டைவடிவ முகப்புமானிகள், அவற்றைச் சுற்றி வெள்ளி மினுக்கும் வளையங்கள், மரப்பலகை. எஸ்-டைப்பிலோ அறுபதுகளின் ஜாகுவாரைப் போன்ற முகம். அடியில் இருந்ததோ அமெரிக்காவின் லிங்கன் காரோடு பகிர்ந்துகொண்ட ஃபோர்டின் அடிச்சட்டம். அன்று ரோவரின் உரிமையாளர் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ. ஜாகுவாரின் உரிமையாளர் ஃபோர்டு. எம்ஜி ரோவர் நிறுவனம் 2005இல் வீழ்ந்தது. அந்த 75 சீனாவுக்குப் போய் ரோவே 750 என்ற பெயரில் பிறந்தது. 2008இல் ஜாகுவார் இந்தியாவின் டாடாவிடம் வந்து சேர்ந்தது. எஸ்-டைப்பின் இடத்தைப் பிடித்த எக்ஸ்எஃப், பழைய சங்கக் கூடத்தை உதறிவிட்டு, இயந்திரத்தை முடுக்கியதும் மேலெழும்பும் கியர் குமிழோடு வந்தது. பாரம்பரியம் என்று நமக்கு விற்கப்பட்டது அதை உருவாக்கியவர்களுக்கே பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. அதன் எச்சத்தை, மலிவான போலியாக, நாம் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

போலி என்ற சொல்லை நான் கவனமின்றிப் பயன்படுத்தவில்லை. இன்றைய கார்களின் தோல் இருக்கை பெரும்பாலும் நிறமிப் பூச்சும் அதன்மேல் பாலியூரித்தேன் பூச்சும் பெற்றது. விரல் தொடுவது தோலை அன்று, அந்தப் பூச்சைத்தான். பல கார்களில் உடல் படும் நடுப்பகுதி மட்டுமே தோல். பக்கங்களும் முதுகும் பிவிசி. உண்மையான மரப்பலகையே ஒரு மில்லிமீட்டரை எட்டாத மென்தகடுதான். அதையாவது ஏற்கலாம், ஒரே மரத்தின் தகட்டை இரண்டாக விரித்து இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல் பொருத்தும் கைவினைஞரின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் நாம் காணும் 'மரம்', ரேகைகள் அச்சிட்ட படலத்தை நீரில் மிதக்கவிட்டு, பிளாஸ்டிக் பாகத்தை அதில் அமிழ்த்தி எடுத்த கோலம். பளபளக்கும் 'உலோகம்' முலாம் பூசிய பிளாஸ்டிக். இருக்கையின் இரட்டைத் தையல்கூடச் சில கார்களின் முகப்புப் பலகையில் அச்சிலே வார்த்த வரிதான். அங்கு நூலே கிடையாது. 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, வெளியே அடங்கிப்போன இயந்திர ஓசையை ஒலிபெருக்கிகள் வழியே உள்ளே ஒலிக்கச் செய்தது. கண்ணுக்குப் போலி போதாதென்று காதுக்கும் ஒன்று!

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் நம் பிள்ளைகளுக்கு மத்ரஸாவிலேயே கற்பிக்கப்படுகிறது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். மேலே உலர்ந்த தானியம், அடியில் ஈரம். மேலே மரத்தின் ரேகை, அடியில் பிளாஸ்டிக். இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு உண்டு என்று வாதிடுவோர் இருக்கின்றனர். விளக்கக் கையேட்டில் 'லெதரெட்' என்றும் 'மர வடிவமைப்பு' என்றும் எழுதியிருக்கிறது, வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார், இதில் மோசடி எங்கே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். விற்பவர் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வாங்குபவர்? அது போலி என்று அறிந்தே அவர் கூடுதல் பணம் கொடுக்கிறார். எதற்காக? அறியாத இன்னொருவர் அதை மெய்யென்று நம்ப வேண்டும் என்பதற்காக. கல்யாண வீட்டு வாசலில் இறங்கும்போது சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காக. தனக்கு வழங்கப்படாததைக் கொண்டு நிறைவு காட்டுபவரைப் பொய்யாடைகள் இரண்டை உடுத்தியவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கையேட்டின் சிறிய எழுத்துகள் நிறுவனத்தைக் காப்பாற்றும், நம்மைக் காப்பாற்றுமா?

இது நம் சமுதாயத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே உறைக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டவர்கள் நம் முஸ்லிம் வணிகர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். பூச்சுக்கு அடியில் இருப்பது மேல்தோலா, பிளந்தெடுத்த கீழ்த்தோலா என்று அவர்களை ஏமாற்ற இயலாது. அந்த அறிவின் வாரிசுகள், 'தோல்போல் இருக்கும் ரெக்சின்' ஒன்றைச் சொகுசு என்று நம்புவது எத்தனை பெரிய வீழ்ச்சி! மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பட்டைப் பதனிடுதலை ஓரங்கட்டிய குரோமியம் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பது உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. கார் இருக்கைக்கான தோல் பெரும்பாலும் வேறு நாடுகளில் பதனிடப்படுகிறது என்பது உண்மைதான். என்றாலும், பளபளப்புக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆறு இருக்கிறது என்பதை மற்றவர் மறக்கலாம். பாலாற்றங்கரை மறக்கக் கூடாது.

வெப்பநாட்டின் சொகுசு என்ன என்பதை வெளியே தேட வேண்டியதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் கோரையால் நெய்யும் பாய், பட்டைப்போல் மடியும். படுத்தால் முதுகு குளிரும். காற்று புகுந்து வெளியேறும் நெசவுதான் அதன் இரகசியம். பழைய அரசாங்க அம்பாசடர் கார்களில் இருக்கைமேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்ததைப் பலர் நையாண்டி செய்வர். எனக்கு அது அறிவுடைய செயலாகவே படுகிறது. இதற்கு மாறாக உயர்தரக் கார்கள் என்ன செய்கின்றன? தோலைப் போர்த்துகின்றன, முதுகு வியர்க்கிறது, பிறகு அந்தத் தோலில் ஊசித்துளைகள் இட்டு, உள்ளே விசிறி வைத்துக் காற்றூதுகின்றன. 1997இல் ஸாப் 9-5 காரில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நடுத்தரக் கார்களுக்கும் வந்துவிட்டது. தானே உண்டாக்கிய நோய்க்குத் தானே மருந்து விற்பது என்பது இதுதான்.

நம் குடும்பங்களில் நடப்பது இதைவிட மோசம். நல்ல துணி இருக்கைகளோடு கார் வருகிறது. வாங்கிய வாரமே உதிரிப்பொருள் கடைக்கு ஓட்டிச் சென்று, அந்தத் துணியின்மேல் கறுப்போ பழுப்போ ஆன ரெக்சின் உறையை இறுக்கமாக மாட்டுகிறோம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் குழந்தையின் தொடை அதன்மேல் படும்போது அது அலறுவது வீணான அழுகை அன்று. இன்னொன்றும் இருக்கிறது. பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் ஓரத்திலேயே பொதிந்துள்ளது. இருக்கையைப் பொருந்தாத உறையால் மூடினால் விபத்து நேரத்தில் அது விரிவது தடைபடலாம் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. பணத்தையும் கொடுத்து, சுகத்தையும் இழந்து, உயிர்காக்கும் கருவியையும் நாமே கட்டிப்போடுகிறோம். இஸ்ராஃப் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

மரமும் தோலும் பழையவை, எங்களுக்குத் திரைதான் சொகுசு என்னும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். 2021இல் வந்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் காரின் முகப்பில் கண்ணாடிப் பரப்பு 141 செண்டிமீட்டர் அகலம். குளிர்காற்றைக் கூட்டவும் அதையே பார்த்துத் தொட வேண்டும். கண் சாலையில் இருக்கும்போதே விரல் தானாகத் தேடிப் பிடித்த பழைய திருகுக்குமிழின் மதிப்பு இப்போதுதான் உலகுக்கு உறைக்கிறது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், ஹாரன், துடைப்பான், திசைவிளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ வேண்டும் என்பதை 2026 முதல் தன் மதிப்பீட்டில் சேர்த்துள்ளது.

அடுத்த முறை கார் பார்க்கச் செல்லும் சகோதரர்கள், முகப்புப் பலகையைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின்னிருக்கையில் அமர்த்துங்கள். குளிரூட்டியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் அமரட்டும். இறங்கும்போது வாசற்படியின் உயரம் அவர் காலுக்கு ஒத்துவருகிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, முதுகு ஈரமாகிவிட்டதா என்று அவரிடமே கேளுங்கள். ஓட்டுநரை வைத்துக்கொள்ளும் வீட்டாராக இருந்தால், அவரையும் அழைத்துச் சென்று அவருடைய இருக்கையில் அமரச் சொல்லுங்கள். நாளெல்லாம் அதில் இருக்கப்போகிறவர் அவர்தான். மரக்கோலத்துக்கும் ரெக்சினுக்கும் உரிய விலையை விற்பனையாளர் தனியாக எழுதிக் காட்டட்டும்.