வாக்கிங் போறேன், கொலஸ்ட்ரால் மாத்திரை எதுக்கு?

தைப்பூசம் முடிஞ்ச வாரம் ஒரு அண்ணன் ஓபிக்கு வந்தார். போன வருஷம் ஸ்டென்ட் வச்சவர். "திண்டுக்கல்லேர்ந்து பழனி வரைக்கும் நடந்தே போனேன் சார். வேர்த்த வேர்வைக்கு கொழுப்பெல்லாம் கரைஞ்சிருக்கும்ல?" கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சாம். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை மட்டும் விடல, அந்த மட்டும் புண்ணியம்.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவருக்காகத்தான் இந்த இழை.

கொலஸ்ட்ரால் வேர்வையில கரையாது. எரியவும் எரியாது. அதை எரிச்சு சக்தி எடுக்க நம்ம உடம்புக்கு வழியே இல்ல. கல்லீரல் அதைப் பித்தநீர்ல சேர்த்து, குடல் வழியா வெளியேத்தணும்.

அப்போ நடந்தா என்னதான் எரியுது? ட்ரைகிளிசரைடு. பிரியாணியில இருந்த நெய்யும், தேவைக்கு மேல சாப்பிட்ட சோறும் இந்த வடிவத்துலதான் ரத்தத்துல சுத்தும். தசைகளுக்குள்ள ஓடுற நுண்ணிய ரத்தக்குழாய்கள்ல லைப்போபுரோட்டீன் லைப்பேஸ்னு ஒரு நொதி இருக்கு. நீங்க நடக்க நடக்க அது வேகமெடுத்து, ட்ரைகிளிசரைடை உடைச்சு தசைக்கு எரிபொருளா கொடுக்கும். தொடர்ந்து நடந்தா ஹெச்டிஎல்ங்கிற நல்ல கொழுப்பும் கொஞ்சம் ஏறும்.

ஆனா ஒரு நாள் நடந்த பலன் ரெண்டு மூணு நாளைக்குத்தான். பழனியில சேர்த்த புண்ணியம் நிக்கலாம், நொதியோட வேகம் நிக்காது. அதனாலதான் வாரத்துக்கு 150 நிமிஷம், நாலஞ்சு நாளா பிரிச்சு நடங்கன்னு சொல்றோம்.

எல்டிஎல், அதாவது ரத்தக்குழாயை அடைக்கிற கெட்ட கொழுப்பு, நடைக்கு அவ்வளவா மசியாது. நடையில குறையறது சொற்பம். ஸ்டாட்டின் மாத்திரை, டோஸைப் பொறுத்து, 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க நடையை நம்பி இதை நிறுத்துறது ஆபத்து. அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே கிடைக்குது.

சரி, மாத்திரை போட்டா நடக்க வேண்டாமான்னா, அதுவும் தப்பு. 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுல, நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல 81.2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கொழுப்புக் கணக்கு சரியில்ல. சுகர், பிபி, தொப்பை மூணையும் சேர்த்துப் பிடிக்க நடை மாதிரி இன்னொண்ணு கிடையாது. அதே வருஷம் அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிச்சது நல்ல விஷயம்தான். ஆனா அதைத் தேடி பஸ் ஏற வேண்டாம், உங்க தெரு போதும்.

அந்த அண்ணனுக்கு எல்டிஎல் 148. மறுபடி மாத்திரை எழுதிக் கொடுத்தேன். "அப்ப நடக்கிறதை விட்ரலாமா சார்?"னு கேட்டார். நாளைக்குக் காலையில மலைக்கோட்டை அடிவாரத்துக்கு வாங்கண்ணேன்னு சொல்லியிருக்கேன். நானே அங்க போய் ரெண்டு வாரம் ஆச்சு.