நுழைவுச் சீட்டு இல்லாத பூங்கா



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அப்பா, சிங்கப்பூருக்குப் போகலாமா?" ஜொகூர்ப் பாலம் கடந்து, கிராஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி ரயில் ஏறினால் நகரம் கைக்கெட்டிவிடும். தாராளமாகப் போய் வாருங்கள். போகுமுன் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பெரியவர்கள் காலத்தில் ஜாலான் புசாரில் 'நியூ வோர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1923-ல் தொடங்கியது. ராட்டினம், பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை என்று இரவெல்லாம் திருவிழாதான். வாசலில் சீட்டு வாங்க வேண்டும்.  1987-ல் அது மூடப்பட்டது. 2009-ல் அதே இடத்தில் சிட்டி ஸ்கொயர் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. இங்கே சீட்டு கேட்பார் இல்லை. பூங்கா போனாலும் அதன் வித்தை கடைத்தெருவில் குடியேறிவிட்டது.

அந்த வித்தை என்ன? 1955-ல் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி, டிஸ்னிலாந்தைத் திறந்தார். நுழைந்ததும் ஒரு பழங்காலத்துக் கடைத்தெரு. கட்டடங்களின் மேல்மாடிகளை அளவு குறைத்துக் கட்டினார்கள். பார்ப்பவருக்கு உயரமாகத் தோன்றும். தெருக்கோடியில் ஓர் அரண்மனை. அதைப் பார்த்துக்கொண்டே கால் தானாக நடக்கும். திரும்பும்போதும் அதே தெருதான் வழி. கையில் பிள்ளை, இருபுறமும் பொம்மைக் கடை!

இன்றைய திறந்தவெளிக் கடைத்தெருக்கள் பல இந்தப் பாடத்தைப் படித்தவை. சிங்கப்பூர் ஆற்றோரம் உள்ள கிளார்க் கீயைப் பாருங்கள். ஒரு காலத்தில் சரக்குக் கிடங்குகள். 1993-ல் அவற்றைப் புதுப்பித்து, வண்ணம் பூசி, உல்லாசக் கடைத்தெருவாகத் திறந்தார்கள். 2006-ல் தெருவுக்கு மேல் பெரிய குடைகளைப் போலக் கூரை போட்டார்கள். வெயிலும் மழையும் விரட்டாவிட்டால் மனிதர் நின்று நிதானிப்பார், நின்றால் பசிக்கும், பசித்தால் பணப்பை திறக்கும்.

தேக்கா சந்தையில் மீனும் புளியும் வாங்கியதும் வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. இங்கோ எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. அங்கே ஒரு வெள்ளி என்பது நம் கையில் மூன்று வெள்ளிக்கும் மேல். விடியலில் எழுந்து பால் வெட்டிய கூலி, ஒரு ஐஸ்கிரீமிலும் ஒரு பொம்மையிலும் கரைந்துவிடக் கூடாது அல்லவா?

ஆகவே தாய்மார்களே, செலவுக்கு என்று ஒரு தொகையைத் தனிப் பையில் வையுங்கள். வயிறார உண்டபின் சுற்றுங்கள். ஒரு முறை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, பிறகு வாங்குங்கள். பிள்ளைகளிடம், "கண்ணைப் பறிக்கும் அந்த விளக்கை ஏன் அந்த மூலையில் வைத்தார்கள், சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். விடை கண்டுபிடிப்பதே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும்.

வேடிக்கை பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆற்றங்காற்றுக்கும் விலை இல்லை. அவற்றை அள்ளிக்கொண்டு வாருங்கள்!