துருவுக்குச் சம்மட்டி மருந்தல்ல!

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில், பிரான்ஸ் நாட்டு மிச்சலின் கம்பெனி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் டயர் செய்கிறது.

புது டயருக்குப் பஞ்சமில்லை. ஆனால், பழைய பிக்கப் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் அல்லவா புது டயர் மாட்டலாம்? நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறதே!

உடனே என்ன செய்கிறார்கள்? ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இருவர் தொங்குகிறார்கள். சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். "மடக்" என்று போல்ட்டு முறிகிறது. "இனி இது காயலான் கடைக்குத்தான்!" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

இது பெருந்தவறு. வண்டியைக் கொன்றது துரு அல்ல, அவசரம்!

துரு செய்யும் வேலை

இரும்பும், ஈரமும், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்புக் காற்று பட்டால் சீக்கிரமே பிடிக்கும். தான் தின்ற இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொள்ளும். அதனிடம் முரட்டுப் பலம் செல்லாது.

என்ன செய்யலாம்?

கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும். மறுநாளும் விடுங்கள். நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டுவது வேறு, அடிப்பது வேறு! தட்டினால் துரு விரிசல் விடும். எண்ணெய் உள்ளே இறங்கும்.

நட்டு கால் சுற்று அசைந்ததா? மறுபடி சிறிது இறுக்கி, மீண்டும் கழற்றுங்கள்.

சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும்! முதலில் அதைப் பாருங்கள்.

சூடு காட்டினால் நட்டு விரிந்து கொடுக்கும். ஆனால் சக்கரத்தில் சூடு காட்டவே கூடாது. டயர் வெடித்து ஆளைக் கொல்லும். பெட்ரோல் டாங்கி அருகிலும், எண்ணெய் ஊறிய இடத்திலும் நெருப்பு ஆகாது.

நாற்பதாவது முயற்சி

1953-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கம்பெனி, ராக்கெட் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு திரவம் தேடியது. 39 முறை சரிவரவில்லை. 40-வது முறை வெற்றி! அதுதான் இன்று கடைகளில் விற்கும் டபிள்யூ.டி.40. துருவை வெல்லப் பிறந்த மருந்தே பொறுமையில் பிறந்ததுதான்.

நமக்கும் அந்தப் பொறுமை வேண்டும். சென்னையில் உருவான 'ஸ்டாண்டர்டு 20' என்ற சிறு சரக்கு வண்டியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனியில் 1988-ல் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் அசல் பாகத்தை உடைத்துவிட்டால் மாற்றுக்கு எங்கே போவது?

பட்டறை முதலாளிகளே! தொழில் பழக வரும் இளைஞர் கையில் முதல் நாளே சம்மட்டியைக் கொடுக்காதீர்கள். எண்ணெய்க் குப்பியைக் கொடுங்கள். காத்திருக்கக் கற்றுக் கொடுங்கள்.

வீட்டுத் தையல் மிஷின் திருகுக்கும் இதே வைத்தியம்தான். பதறாத காரியம் சிதறாது!