மரத்தை எண்ணினால் போதுமா?

இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் மரங்கொத்தியைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். எதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே இயற்பியலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை ஒரு சிறு பறவையிடமும் கற்கலாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், வர்ஜீனியா முதல் கிழக்கு டெக்சாஸ் வரையுள்ள பைன் காடுகளில் வாழ்கிறது ரெட்-காக்கேடட் மரங்கொத்தி. பெரும்பாலான மரங்கொத்திகள் பட்டுப்போன மரத்தில் பொந்து அமைக்கும். இதுவோ உயிருள்ள பைன் மரத்தையே துளைக்கிறது! மரத்தின் வெளிப்பகுதியில் பிசின் ஊறும். ஆகவே அதையும் கடந்து, வைரம் பாய்ந்த நடுப்பகுதியில்தான் பொந்து அமைய வேண்டும். வைரம் போதிய அகலம் பெற வேண்டும். ஒருவகைப் பூஞ்சை அதனை மென்மையாக்கவும் வேண்டும். இதற்குப் பெரும்பாலும் 60 முதல் 100 ஆண்டுகள் ஆகும். பொந்து தோண்டவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். பிறகு பொந்தைச் சுற்றிச் சிறு துளைகளிட்டுப் பிசினை வழியவிடுகிறது பறவை. மரமேறும் பாம்புக்கு அதுவே தடை!

இப்பறவைக்கு உகந்த நீள் ஊசியிலைப் பைன் காடுகள் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தன. மர வணிகமும் வேளாண்மையும் அவற்றில் பெரும்பகுதியை விழுங்கின. காட்டுத் தீயை அடியோடு தடுத்ததால் எஞ்சிய இடங்களிலும் புதர் மண்டியது. பல இடங்களில் மீண்டும் பைன் நடப்பட்டது உண்மையே. ஆனால் 30, 40 ஆண்டுகளில் வெட்டப்படும் மரத்தில் இப்பறவைக்கு வீடு ஏது?

1970இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் ஹியூகோ சூறாவளி, தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. அறிவியலார் மரப்பெட்டிகளை உயிர்மரங்களில் பதித்தனர்; பறவைகள் குடியேறின. கட்டுப்பாடான தீயால் புதர்களும் அகற்றப்பட்டன. 1970களில் சுமார் 1,470 ஆக இருந்த பறவைக் குடும்பங்கள் ஏறத்தாழ 7,800 ஆகப் பெருகின. 2024இல் அபாய நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. பாராட்டத்தக்க வெற்றி! ஆனால் பெட்டியைப் பதிக்கவும் பருத்த மரம் வேண்டுமல்லவா?

மரம் நடுவது நற்செயல். ஆயினும் ஒரு முதுமரத்தை வீழ்த்திவிட்டுப் பத்துக் கன்றுகளை ஈடாகக் காட்டுவது சரியான கணக்கன்று என்பதே என் கருத்து. காட்டை எண்ணிக்கையால் மட்டுமன்றி வயதாலும் அளக்க வேண்டும். கன்றுகளை விலைக்கு வாங்கலாம். நூறு ஆண்டுகளை வாங்க முடியுமா? இனி, "இத்தனை மரங்கள் நட்டோம்" என்று யாரேனும் பெருமைப்பட்டால், "வெட்டியவற்றின் வயது என்ன?" என்று கேளுங்கள்.