நம் பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறோம்?

படாளத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் மாலை வகுப்பு எடுக்கும் தோழர்கள் இப்போது புரொஜெக்டர் வைத்து ஆவணப்படம் போடுகிறார்கள். டைனோசர், எகிப்து பிரமிடு, மாமல்லபுரத்துச் சிற்பங்கள். நல்ல விஷயம், நிறுத்த வேண்டாம். ஆனால் படம் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ட்ரமென்ஹீர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்தவர் அவர். இந்த மாவட்டத்துப் பறையர் மக்கள் நிலமில்லாமல், குடியிருக்கும் மனைகூட உரிமையில்லாமல் ஆண்டைகளுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் வந்த அரசாணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அது எப்படிக் காற்றில் போனது என்பது உங்களுக்குத் தெரியும். காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். அதே ஊரில் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. பிரமிடைக் கட்டியவர்களைத் தெரியும்.

வரலாறு, அறிவியல், சமூகம் என்று படங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கின் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். இது வேதியியல். யாரை அதில் இறக்குகிறார்கள் என்பது சாதி. 2013இல் சட்டம் வந்த பிறகும் ஏன் இறக்குகிறார்கள் என்பது அரசியல். மூன்றையும் ஒரே படத்தில் பேசலாம்.

திவ்யபாரதி 2017இல் 'கக்கூஸ்' எடுத்தபோது திரையிடக் காவல்துறை முட்டுக்கட்டை போட்டது. படம் யூடியூப்பில் போய்ச் சேர்ந்தது. அறிவூட்டும் படம் என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள், எந்த அறிவு என்பதில்தான் சிக்கல்!

பிணங்களைக் காட்டும் படங்களைச் சிறு பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். அவமானத்தை மட்டும் காட்டும் படமும் வேண்டாம், அது அவர்களைக் கூனிக் குறுகத்தான் வைக்கும். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்து 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து, அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரட்டைமலை சீனிவாசனையும் சேர்த்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்க விடுங்கள்.

அதோடு, உங்கள் கையில் போன் இருக்கிறது. 1994இல் முப்பது வயதில் போராட்டத்துக்குப் போனவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பெயர் சொல்லலாமா, முகம் காட்டலாமா என்று முதலில் கேளுங்கள். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் நகலை வாங்கி, பஞ்சமி நிலம் எந்தெந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்பதையும் படம் பிடியுங்கள்.