பழைய டில்லரைப் பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா?

வீட்டுக்குப் பின்னால் கீரை, வெண்டை, மிளகாய் என்று நாலு பாத்தி போடுவது தோட்டப்புறத்தில் நமக்குப் பழகிப்போன காரியம். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், கொஞ்சம் மண் கிடைத்தால் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. காய்கறி விலை ஏறும்போதெல்லாம் பலருக்கும் வரும் கேள்வி ஒன்று உண்டு. அப்பா காலத்தில் வாங்கி, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்தக் கை உழவு இயந்திரத்தை, அதாவது டில்லரை, மறுபடியும் ஓட வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் கடைக்குப் போனால் கிடைக்கும் பதில் வேறு: “அந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.” இந்த ஒரு வரியை நம்பி, இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடிய இயந்திரம் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போடப்படுகிறது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனை 1912-இல் ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் செய்து பார்த்தது. நம் வட்டாரத்துக்கு அது வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் ஜப்பானிய உருவத்தில். குபோத்தா 1947-இல் தன் உழவு இயந்திரத்தை உருவாக்கியது. ஹோண்டா 1959-இல் எஃப்150 என்ற டில்லரை வெளியிட்டது. கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டம் இரு போக நெல்லைக் கொண்டுவந்த காலத்தில் வயலில் இறங்கியவற்றில் இத்தகைய இரு சக்கர இயந்திரங்களும் உண்டு. பின்னர் பெரிய டிராக்டர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒதுக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி கைமாறிக் கைமாறிச் சிறு காய்கறித் தோட்டங்களுக்குப் போனது.

அந்தக் கால இயந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பு. எடை அதிகம், ஆனால் எளிதில் சாகாது. தேய்ந்து போவது சில பாகங்கள்தான். அவற்றில் பாதிக்கு மேல் எந்த நிறுவனத்தின் பெயரையும் நம்பியிருக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் 6204 என்று பொறித்திருந்தால், உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். உலகில் எந்த நிறுவனம் செய்தாலும் 6204 என்றால் இதே அளவுதான். பேரிங் கடைக்குப் போய் டில்லரின் மாடலைச் சொன்னால் “இல்லை” என்பார்கள். எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலும் அப்படித்தான். தண்டின் விட்டம், துளையின் விட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவு போதும். வி-பெல்ட்டில் ஏ வகை 13 மில்லிமீட்டர் அகலம், பி வகை 17. சங்கிலி, ஸ்பார்க் பிளக், எரிபொருள் குழாய் போன்றவை மோட்டார் சைக்கிள் கடையிலேயே பெரும்பாலும் பொருந்திவிடும்.

ஆகவே, பழுது பார்க்க இறங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு வெர்னியர் அளவுகோல். அதற்குப் பிறகுதான் பெயின்ட். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

உண்மையாகவே சிக்கல் தருபவை வேறு: கியர் சக்கரம், கார்புரேட்டரின் உடல், உடைந்த வார்ப்பு. இவற்றுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே மாடலில் இரண்டைத் தேடிப் பிடித்து ஒன்றாக்குவது முதலாவது. தண்டு, புஷ், கப்பி போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்துகொள்வது அடுத்தது. மூன்றாவது, அதே வடிவமைப்பு வேறு நாட்டில் இன்னும் தயாராகிறதா என்று பார்ப்பது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973-இல் தொடங்கி, குபோத்தாவின் தொழில்நுட்பத்தைக் கொண்டு டில்லர் செய்து வந்திருக்கிறது. பெங்களூரின் விஎஸ்டி நிறுவனம் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் செய்கிறது. ஊருக்குப் போய் வரும் உறவினர் பெட்டியில் முறுக்கோடு ஒரு கியரும் வரலாம். ஆனால் பாகத்தின் எண்ணையும் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் காசு அனுப்பக் கூடாது.

இன்ஜினே போய்விட்டால் சீனத் தயாரிப்பு இன்ஜினைப் பொருத்துகிறார்கள். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்160-ஐப் பார்த்துச் செய்யப்பட்டவை பெரும்பாலும் அதே அடித்துளை அளவுகளோடு வருவதால் இது எளிது. இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. சுழலும் திசை மாறினால் வண்டி முன்னே போவதற்குப் பதில் ஓட்டுபவரின் காலை நோக்கி வரும். பழைய இன்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் வேலை செய்து, புதியது 3600 சுற்றில் ஓடினால், இன்ஜின் பக்கக் கப்பியின் விட்டத்தைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்திகள் இரு மடங்கு வேகத்தில் சுழலும். அது ஆபத்து. பழைய கிளட்ச் தகட்டிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் கூடாது.

இதற்கிடையில் ஒரு சொல் பற்றிய எண்ணம். ஏரில் கலப்பை, மேழி, கொழு, நுகம் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் இருந்தது. ஊர்த் தச்சரும் கொல்லரும் அவற்றைச் செய்து தந்தார்கள். கொழு தேய்ந்தால் மறுநாளே வேறு கொழு. டில்லரின் உறுப்புகளுக்கு நம்மிடம் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. அந்த எண் பட்டியல் யாரிடம் இருக்கிறதோ, பழுது பார்க்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பொருளை விற்ற பிறகு நியாயமான காலத்துக்குப் பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகமும் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அந்த ‘நியாயமான காலம்’ ஐந்து ஆண்டா, பதினைந்து ஆண்டா என்று அதில் இல்லை. மேலும், உதிரி பாகத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் அந்தக் கடமையும் போய்விடுகிறது. வாழ்வாதாரத்துக்காக உழுகிறவர் ‘பயனீட்டாளர்’ என்ற வரையறைக்குள் வருவாரா என்பதும் வாதத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஒரு சட்ட ஆணை கொண்டுவந்தது. அதுகூடச் சலவை இயந்திரம், கைப்பேசி போன்றவற்றைத்தான் முதலில் தொடுகிறது.

ஐம்பது வருட டில்லருக்கு 37-ஆம் பிரிவைக் காட்டிப் பயனில்லை. இன்று மலிவு விலையில் இணையத்தில் விற்கப்படும் புதிய டில்லருக்குத்தான் அது உதவும். என் கணிப்பில் பெரிய நஷ்டம் காத்திருப்பதும் அங்கேதான். பழையது பாகம் கிடைக்காமல் நிற்க நாற்பது ஆண்டானது. புதியதற்கு அந்த நிலை இரண்டாவது மழைக்காலத்திலேயே வந்துவிடலாம். பெயர் மாறும், மாடல் மாறும், விற்ற கணக்கே மறைந்துவிடும்.

எரிபொருள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபகற்பத்தில் டீசல் விலை 2024 ஜூன் 10-இல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியது. பழைய டீசல் டில்லர் குறைந்த எரிபொருளில் நிறைய உழும் என்பது உண்மைதான். என்றாலும் நான்கு பாத்தி போடுகிறவருக்கு அந்த மிச்சம் பெரிதல்ல. ஓர் ஏக்கருக்கு மேல் பயிர் செய்கிறவருக்கே டீசல் இன்ஜினைச் செலவழித்துச் சீர்செய்வது கட்டுப்படியாகும்.

புதியதுதான் என்று முடிவெடுத்தவர், பணம் கட்டும் முன் கேத்தி, பெல்ட், கியர் ஆகியவற்றுக்கு உதிரி பாகம் எவ்வளவு காலம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியானாலும் அழிக்காமல் ரசீதோடு வையுங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.