பெல்ட்டுக்கு ஒரு விலை

ஊருக்குள் கராத்தே வகுப்பு தொடங்கும் மாஸ்டருக்கு வாடகைதான் முதல் எதிராளி. மொட்டை மாடியோ பள்ளி மைதானமோ கிடைக்காதவர்களில் பலர், மாதக் கட்டணத்தைக் குறைவாகச் சொல்லிவிட்டு, விட்டதை பெல்ட் தேர்வில் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தேர்வுக் கட்டணம், சான்றிதழுக்குத் தனியாக. ஆட்டோ ஓட்டுநரின் மகள் பச்சை பெல்ட்டோடு நின்றுபோவது திறமை இல்லாமல் அல்ல. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கராத்தேயின் பெல்ட் முறை ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில், 12 பாய் அளவே இருந்த இடத்தில் ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் கொண்டுவந்த ‘டான்’ என்ற படிநிலை முறை மாணவரின் தேர்ச்சியைக் காட்டுவதற்கானது. வாடகை கட்டுவதற்கானது அல்ல. வாடகைக்கு வேண்டியதை மாதக் கட்டணத்திலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். கணக்கு புரிந்தால் பெற்றோர் கொடுப்பார்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் தேறியதும், சிறுவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கட்டணம் அதில் கழியட்டும். இன்னொன்று: பல கூடங்கள் பகல் முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன, வாடகை மட்டும் ஓடுகிறது. காலை பத்து மணிக்கு அம்மாக்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசலிலேயே காத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று.